தெரியாமல் முடிந்த இத்தா

கரீமுக்கும் தாஜுன்னிசாவுக்கும் பேச்சு நின்று ஏழு மாதம் ஆகியிருந்தது. இதற்காக யாரும் உச்சுக் கொட்ட வேண்டாம். கல்யாணமான பதினாறு வருஷத்தில் பாதியை இருவரும் பேசாமல்தான் கழித்தார்கள். கரீம் லாரி டிரைவர். கோயமுத்தூரில் பம்பு செட்டுகளை ஏற்றிக்கொண்டு வடக்கே கிளம்பினால், அங்கிருந்து ஒரு லோடு, இன்னொரு ஊருக்கு ஒரு லோடு என்று சுற்றிவிட்டு வீடு வந்து சேர மாசக்கணக்கில் ஆகும். கிளம்புகிற அன்று ஒரு சண்டை வந்துவிட்டால் போதும், போய்ச் சேர்ந்தேன் என்றுகூடச் சொல்லாமல் வாயைத் தைத்துக்கொள்வார். இவளும் லேசுப்பட்டவள் இல்லை. யார் முதலில் இறங்கி வருவது என்பதில் இருவருக்கும் அப்படியொரு வீம்பு. பிள்ளை குட்டி இருந்திருந்தால் நடுவில் ஒன்று தூது போயிருக்கும். அந்தக் கொடுப்பினையும் இல்லாமல் போய்விட்டது.

கடைசிச் சண்டை அவளால் வந்தது. கணபதியில் அவள் வேலை பார்க்கும் பம்பு பட்டறையில் உள்ளூர் வேனுக்கு டிரைவர் தேடிக்கொண்டிருந்தார்கள். முதலாளியிடம் கையைக் காலைப் பிடித்து அந்த வேலையைக் கணவனுக்குப் பேசி வைத்திருந்தாள். தினமும் ராத்திரி வீட்டுச் சோறு, வீட்டுத் தூக்கம். கரீம் ஒரே வார்த்தையில் முடியாது என்றுவிட்டார், நாலு தெருவுக்குள் வண்டி ஓட்டினால் தனக்கு மூச்சு முட்டுமாம். "அப்ப அந்த லாரியவே கட்டிக்கிட்டு அழுவுங்க, இந்த ஊட்டுப் பக்கம் வராதீங்க" என்று அவள் சொன்னாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இந்த முறை முதலில் இறங்கியது தாஜுன்னிசாதான். நோன்பு தொடங்கியதும் மனசு இளகி ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். போன் செய்தால் முழுத் தோல்வி, வாய்ஸ் மெசேஜ் என்றால் பாதித் தோல்வி, அது அவர்களுக்குள் இருந்த கணக்கு. பதில் வரவில்லை. ஆனால் அன்று மாலையே அந்தச் சின்ன மைக் படம் நீலமாகிவிட்டது. கேட்டுவிட்டார் என்று அர்த்தம். மனுஷன் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தாலும் காதைத் திறந்து வைத்திருக்கிறாரே, அது போதும் என்று நினைத்தாள்.

அதன் பிறகு அது ஒரு பழக்கமாகிவிட்டது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் டெஸ்டிங் ஷெட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு பேசுவாள். முதலில் திட்டினாள். பிறகு ஊர்க்கதை சொன்னாள். அப்புறம், எதிரில் ஆள் இல்லாத தைரியத்தில், முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கவே முடியாததையெல்லாம் சொல்ல ஆரம்பித்தாள். வயிற்றில் தங்காமல் போன அந்த ஒரு குழந்தைக்கு மனசுக்குள்ளேயே ஒரு பெயர் வைத்திருந்ததைக்கூடச் சொன்னாள். அந்தப் பெயரை அவள் பெற்ற தாயிடம்கூடச் சொன்னதில்லை. அன்று மாலையும் மைக் நீலமானது. அவர் கேட்டுவிட்டார் என்பதில் அவளுக்கு அழுகையும் வந்தது, பெரிய நிம்மதியும் வந்தது.

பக்ரீதுக்குச் சில நாட்களே இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளுடைய தம்பி அஃப்தாப் வந்தான். அவளுக்கு ஆறு வயது இளையவன். கரீம் ஓட்டும் லாரிகளுக்கு லோடு பிடித்துக் கொடுக்கும் புக்கிங் ஆபீசில் வேலை, அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே கரீம்தான். வழக்கமாக வந்தால் நேராக அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தைத் திறந்து பார்க்கிறவன், அன்று வாசற்படியிலேயே நின்றான். கையில் ஒரு மஞ்சப்பை. வெங்காயம் அரிந்துகொண்டிருந்த தாஜுன்னிசா, உள்ளே வராமல் என்னடா கூச்சம் என்று கேட்டாள்.

"மச்சான் மௌத்தாயிட்டாருக்கா" என்றான்.

அவள் சிரித்துவிட்டாள். உண்மையாகவே சிரித்தாள். எந்த மடையன் இப்படிப் புரளி கிளப்பிவிட்டது என்று கேட்டாள். மூன்று நாள் முன்னால் அனுப்பிய மெசேஜைக்கூட அவர் கேட்டிருக்கிறார், செத்துப்போனவர் எந்த ஊரில் மெசேஜ் கேட்கிறார் என்று சொல்லி, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு தன் போனை எடுத்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். பார், நீலம், பார் என்றாள்.

அஃப்தாப் அதைப் பார்க்கவில்லை. பைக்குள் கையை விட்டு ஒரு போனை எடுத்து அடுப்புத் திட்டின்மேல் வைத்தான். மூலையில் கண்ணாடி விரிசல் விட்ட போன். பின்பக்கம் அவளே ஒட்டிக் கொடுத்த பச்சை ஸ்டிக்கர்.

போன் இவனிடம் இருக்கிறது என்பது வரைக்கும் தாஜுன்னிசாவின் புத்தி போனது. அதற்கு அடுத்த படியில் கால் வைக்க அது மறுத்தது. எப்போது என்று மட்டும் ஒருவழியாகக் கேட்டாள். நேற்றா, முந்தாநாளா என்ற நினைப்பில்தான் கேட்டாள்.

"பொங்கலுக்கு முந்துன நாளு. உங்க பட்டறையில பொங்கல் வெச்சீங்களே, அன்னிக்கு."

நாக்பூருக்குப் பக்கத்தில் ஒரு டாபாவில் வண்டியை நிறுத்திவிட்டுச் சீட்டிலேயே படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். ஆபீசுக்குச் செய்தி வந்ததும் அஃப்தாப் அடித்துப் பிடித்து விமானம் ஏறிப் போனான். அங்கிருந்த பள்ளிவாசல்காரர்கள் நல்ல மனுஷர்கள், குளிப்பாட்டி ஜனாஸா தொழுகை நடத்தி அங்கேயே அடக்கம் செய்தார்கள். அவன்தான் கபரில் இறங்கி மச்சானைப் படுக்க வைத்தான். இதையெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

தாஜுன்னிசா அந்த நாளைத் தேடிப் போனாள். தேடவே வேண்டாம், அது அப்படியே கண் முன்னால் நின்றது. பட்டறை வாசலில் கரும்பு கட்டியிருந்தார்கள். பெண்களுக்கு மியூசிக் சேர் வைத்தார்கள். கடைசி நாற்காலிக்கு அவளும் கூட வேலை பார்க்கும் மாரியாத்தாளும் மோதி, மாரியாத்தாள் கீழே உட்கார்ந்துவிட, இவள் ஜெயித்து ஒரு எவர்சில்வர் குடம் வாங்கினாள். பொங்கல் நன்றாக இருந்தது என்று இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டாள். கண் துடித்ததா என்று யோசித்தாள். இல்லை. மனசு கனத்ததா, கையிலிருந்து ஏதாவது நழுவியதா, காரணமில்லாமல் ஒரு பெருமூச்சாவது வந்ததா? ஒன்றுமே இல்லை. புருஷனுக்கு ஒன்று என்றால் பெண்டாட்டிக்குத் தெரியாமல் போகாது என்று ஆயிரம் பேர் சொல்ல அவள் கேட்டிருக்கிறாள், நம்பியும் இருக்கிறாள். அவர் உயிர் போன நேரத்தில் அவள் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகும் அவர் எங்கே போனார்? மாசி முழுக்க அவளுக்குள் அவர் வடக்கே வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். நோன்பில் அவருக்காக துஆ கேட்டாள், நீண்ட ஆயுசைக் கொடு என்று கேட்டாள். பெருநாளுக்கு மருதாணி வைத்து, சிவந்ததைப் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பினாள். அன்று பஸ் ஸ்டாப்பில் புக்கிங் ஆபீஸ் கணக்குப்பிள்ளை எதிரில் வந்தார். பெருநாள் வாழ்த்துச் சொன்ன மனுஷன் அவள் கையைப் பார்த்துவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஏன் என்று இப்போது தெரிந்தது. ஆபீசில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. அவர்கள் கண்ணுக்கு அவள் அன்றைக்கே விதவை. அவள் ஒருத்திதான் தன்னைக் கரீமின் மனைவி என்று நினைத்துத் திரிந்திருக்கிறாள்.

"மெசேஜையெல்லாம் நீயாடா கேட்டே?" என்றாள். அவளுக்கே அடையாளம் தெரியாத ஒரு குரலில் கேட்டாள்.

இல்லை, சத்தியமாக ஒன்றையும் கேட்கவில்லை என்று அஃப்தாப் பதறினான். போன் ஆபீஸ் மேஜை டிராயரில் கிடந்தது. மெசேஜ் வந்தால், சத்தத்தை முழுக்க அடைத்துவிட்டு, ஓட மட்டும் விட்டானாம். நீலமாகாவிட்டால் அக்கா பயந்துபோவாளே, தேட ஆரம்பித்துவிடுவாளே என்றுதான். மாசாமாசம் ரீசார்ஜ்கூடப் போட்டானாம்.

அவன் கேட்டிருந்தால் மானம் போயிருக்கும். கேட்கவில்லை என்றதும் அதைவிட மோசமாக இருந்தது. குழந்தையின் பெயரை அவள் சொன்ன அந்த மதியம், அந்தப் பெயர் ஒரு மர டிராயருக்குள், சத்தமில்லாமல், யார் காதிலும் விழாமல் ஓடி முடிந்திருக்கிறது. அப்படியென்றால் அவள் அதைச் சொன்னாளா, சொல்லவில்லையா? தாஜுன்னிசா தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெங்காயத்தட்டு தட்டுப்பட்டுக் கவிழ்ந்தது, இருவரும் அதை எடுக்கவில்லை.

ஏன்டா என்றாள். பணமா, பயமா, வேறு ஏதாவதா என்று அவளுக்கு விளங்கவில்லை. நாலு மாதமாக வாராவாரம் வந்து அவள் கையால் சோறு வாங்கித் தின்றவன். மச்சான் பேச்சு எடுத்தால், வருவார்க்கா, எங்கே போவார் என்று சொன்னவன்.

அப்போதுதான் அஃப்தாப் முதல்முறையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தான். முகத்தில் துக்கம் இருந்தது, அதன் அடியில் ஒரு வேலையை நல்லபடியாக முடித்த களையும் இருந்தது. அதைத்தான் அவளால் பிறகு மன்னிக்கவே முடியவில்லை.

"நேத்தோட இத்தா முடிஞ்சுதுக்கா. நாலு மாசம் பத்து நாளும் முடிஞ்சுது. ஒரு நாள்கூட நீ உள்ள உக்கார வேண்டியதில்ல."

புருஷன் இறந்தால் மனைவி வீட்டோடு இருந்து, அலங்காரம் விட்டு, மறு கல்யாணப் பேச்சுக்கு இடம் கொடுக்காமல் காத்திருக்கிற காலம்தான் இத்தா. அந்தக் காலம் உயிர் பிரிந்த நேரத்திலிருந்து ஓட ஆரம்பிக்கும். செய்தி அவளுக்கு எப்போது வருகிறது என்பது கணக்கே இல்லை. வெளியூரில் இறந்த கணவனின் செய்தி தாமதமாக வந்து, அதற்குள் நாலு மாதம் பத்து நாள் கழிந்திருந்தால், அவள் இத்தா இருந்தவளாகவே ஆகிவிடுவாள். நாக்பூரிலிருந்து திரும்பியதும் அஃப்தாப் இதைப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம், தெரிந்த ஒருத்தருக்காகக் கேட்கிறேன் என்று கேட்டு உறுதி செய்திருக்கிறான். கேட்ட அன்றைக்கே முடிவும் செய்துவிட்டான். அக்காவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று ஆபீசிலும் சொல்லி வைத்தான்.

காரணம் அவர்களுடைய அம்மா. கோட்டைமேட்டு வீட்டில் அத்தா இறந்தபோது அஃப்தாபுக்கு ஏழு வயது. அம்மாவைப் பின் அறையில் உட்கார வைத்து, ஜன்னலுக்குப் போர்வை ஆணியடித்து, கண்ணாடியைத் திருப்பி வைத்தார்கள். அந்தக் கதவுக்கு வெளியே தினமும் உட்கார்ந்திருந்த பையனுக்கு, உள்ளே போன அம்மா திரும்பி வரவில்லை, வேறு யாரோதான் வந்தார்கள் என்று மனசில் பதிந்துவிட்டது. நாக்பூரில் மச்சானை அடக்கம் செய்துவிட்டு வெளியே வந்து தன் போனைப் பார்த்தால் அக்காவிடமிருந்து ஒரு போட்டோ. குடத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறாள். அவள் அப்படிச் சிரித்து அவன் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. இவளையா அந்த ரூமுக்குள் அனுப்புவது என்று அவனுக்குத் தாங்கவில்லை. நாள் தன்பாட்டில் ஓடுகிறது, இவளுக்கு வலிக்காமல் ஓடி முடியட்டும் என்று நினைத்தான்.

"உங்க பட்டறையிலயே மோட்டார ஓடவிட்டுட்டுச் சாப்புடப் போறீங்கல்லக்கா. யாரும் பாக்கலீன்னா ஓடாமயா நிக்குது? மீட்டர்ல மணி ஏறத்தான செய்யுது" என்றான்.

தாஜுன்னிசா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு அன்பான ஒருவன் இவ்வளவு பெரிய முட்டாளாகவும் இருக்க முடியும் என்பது அவளுக்குப் புதிதாகத் தெரிந்தது. ஹஜ்ரத்துக்குப் போன் போடச் சொன்னாள்.

ஸ்பீக்கரில் ஹஜ்ரத் முதலில் இன்னாலில்லாஹி சொன்னார், ஆறுதல் சொன்னார். பிறகு தேதியைக் கேட்டார். சொன்னதும், லைன் போய்விட்டதோ என்று அஃப்தாப் எடுத்துப் பார்த்தான். தை மாதத்தில் தன்னிடம் வந்து கேட்டது இதற்குத்தானா என்று ஹஜ்ரத் கேட்டார். அஃப்தாப் ஆமாம் என்றான், அம்மா இருந்த அறையையும் அடைத்த ஜன்னலையும் சொன்னான்.

"தெரியாமப் போனவங்களுக்காகச் சொன்ன சட்டம் தம்பி அது. தெரியாம வெக்கறதுக்குச் சொன்னதில்லீங்க." என்றார் வயதான அந்த மனுஷர். ஜன்னலை அடைக்கச் சொல்லி எந்தக் கிதாபிலும் எழுதவில்லையே, அதைக் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேனே என்றும் சொன்னார்.

தாஜுன்னிசா போனுக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்.

"ஹஜ்ரத், அந்த நாளெல்லாம் நான் அவரு சம்சாரமா இருந்தனுங்க. மருதாணி வெச்சனுங்க, அவருகூடச் சண்டை போட்டனுங்க, வாங்கன்னு கூப்புட்டனுங்க. அதே நாளு எப்படிங்க இத்தா நாளாவும் ஆவும்?"

நாள் நம்மைக் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை அம்மா, நாம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அல்லாஹ்விடம் அந்தக் கணக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்றார் ஹஜ்ரத். நடந்தது தப்பு, ஆனால் தப்பால் சட்டம் மாறாது. இத்தா முடிந்தது முடிந்ததுதான். இனி உங்கள்மேல் கடமை ஒன்றும் இல்லை. வேலைக்குப் போகலாம், வெளியூர் போகலாம், நல்ல இடம் வந்தால் நிக்காஹ்கூடச் செய்துகொள்ளலாம். அழுவதற்கு மட்டும் கணக்கில்லை, அழுங்கள்.

நிக்காஹ் என்ற சொல் காதில் விழுந்ததும் தாஜுன்னிசா போனைவிட்டு விலகி உட்கார்ந்தாள். புருஷன் செத்த செய்தி வந்து இன்னும் உலை கொதிக்கவில்லை, அதற்குள் வேறு ஒருத்தனுக்குக் கழுத்தை நீட்டத் தகுதி வந்துவிட்டது. சட்டத்தின்மேல் அவளுக்குக் கோபம் இல்லை. தன்னைக் கேட்காமல் தன்னைத் தாண்டிப் போய்விட்ட அந்த நாலு மாதத்தின்மேல் வந்தது. ஆளில்லாத வீட்டில் ஓடுகிற கடிகாரம் மாதிரி அது ஓடியிருக்கிறது, அந்த ஆளில்லாத வீடாக அவளை ஆக்கிவிட்டிருக்கிறார்கள்.

பகலெல்லாம் அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தார்கள், அழுதார்கள். விஷயம் தெரிந்ததும் ஒன்றிரண்டு பேர், அதுவும் ஒரு நல்லதுக்குத்தான், கஷ்டமில்லாமல் கழிந்ததே என்று அவள் காதுபடவே சொன்னார்கள். அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தது அஃப்தாப்தான்.

வெயில் தாழ மாரியாத்தாள் வந்தாள். பட்டறையில் பக்கத்து பெஞ்ச். தாயும் தகப்பனும் அந்தியூர்ப் பக்கம் பண்ணையத்தில் பாடுபட்டவர்கள், இவள் கல்யாணமாகிக் கணபதிக்கு வந்து பம்பு மாட்டுகிறாள். வந்தவள் ஆறுதல் எதுவும் சொல்லாமல் தாஜுன்னிசாவின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரொம்ப நேரம் கழித்துத்தான், முடிந்துபோச்சு என்று எல்லாரும் சொல்கிறார்களே, அது என்ன என்று கேட்டாள். தாஜுன்னிசா சொன்னாள். ஹஜ்ரத்தோடு பேசியதற்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு அது.

மாரியாத்தாளுக்கு அது தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை.

"எங்கள்ல காதுல உளுந்ததுக்கு அப்பறந்தான் கண்ணு தீட்டே. எங்க சின்னப்பன் கேரளாவுல செத்தது எங்களுக்கு மாசம் கழிச்சுத்தான் சேதி வந்துச்சு. வந்த அன்னிக்குத்தான் தலைக்கு ஊத்துனோம். அதுமுட்டும் அவரு எங்களுக்கு உசுரோடதான இருந்தாரு?"

ஒரே தெரு, ஒரே பட்டறை. ஒருத்திக்குச் சாவு நடந்த நாளில் காலம் தொடங்குகிறது, இன்னொருத்திக்குக் கேட்ட நாளில். இதில் எது சரி என்று சொல்ல இந்தக் கதைக்கு வாய் இல்லை. தாஜுன்னிசா மார்க்கத்தை விட்டுக் கொடுக்கிறவளும் இல்லை. ஆனால் மாரியாத்தாள் சொன்னதைக் கேட்டதும் அவளுக்கு முதல்முறையாக அழுகை வந்தது. காலையிலிருந்து அடைத்துக் கிடந்ததெல்லாம் ஒரேயடியாக வெளியே வந்தது. மாரியாத்தாளின் தோள் நனைந்தது. பட்டறையில் நான் பேசிக்கொள்கிறேன், உன் பெஞ்சை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போனாள்.

தாஜுன்னிசா முகம் கழுவிக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். அரிசி டிரம்மைச் சுவரோரமாகத் தள்ளினாள். பாயை உதறிப் போட்டாள். ஜன்னலை அகலமாகத் திறந்து வைத்தாள். வளையலைக் கழற்றினாள். ஒரு வெள்ளைத் துப்பட்டாவை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். டீ டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்த அஃப்தாப் ஓடிவந்து, என்னக்கா பண்ணுகிறாய், ஹஜ்ரத் சொன்னதைக் கேட்டாய்தானே என்றான். அவன் முகம் ஏழு வயதுப் பையன் முகமாக ஆகியிருந்தது. எதைத் தடுக்க நாலு மாதம் பொய்யைக் கட்டிக் காத்தானோ, அது அவன் கண் முன்னால் நடந்துகொண்டிருந்தது.

அவள் அவனை நிற்க வைத்துச் சொன்னாள். அம்மா இருந்த ரூமுக்கு வெளியேதான் நீ இருந்தாய். உள்ளே சோறு கொண்டுபோனது நான். உள்ளே அம்மா அழுதாள், சரி. அதோடு அத்தாவை வாய்விட்டுத் திட்டினாள், அவர் நடக்கிற மாதிரி நடந்து காட்டிச் சிரித்தாள், பகலெல்லாம் தூங்கினாள். பிள்ளைக்குச் சோறு, வாசலில் கடன்காரன், அடுத்த வேளைக்கு என்ன என்று எந்த நினைப்பும் இல்லாமல் அவள் அத்தாவோடு இருந்தது அந்த ஒரு அறையில்தான். அவளை மாற்றியது அந்த ரூம் இல்லை. வெளியே வந்த பிறகு நம் இரண்டு பேரையும் வளர்த்த பாடு மாற்றியது.

அஃப்தாப் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். இது அவனுக்குத் தெரியாது. இருபத்தைந்து வருஷமாகத் தெரியாது.

அவள் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். வெளியிலிருந்து அவன் குரல் உடைந்து வந்தது. உனக்குக் கடமை இல்லை என்று சொல்லிவிட்டாரே அக்கா, இன்னும் நாலு மாதம் பத்து நாள் இப்படி இருக்கப் போகிறாயா என்று கேட்டான்.

"கடமையா இருந்திருந்தா நாலு மாசம் பத்து நாள்ல முடிஞ்சிருக்கும். அந்தக் கணக்கத்தான் நீ தீத்துப்போட்டியே. இது கடமையில்ல. இது எனக்கும் அவருக்கும்."

"அப்ப எத்தன நாளைக்குக்கா?"

அவள் பாயில் உட்கார்ந்தாள். அவனுக்கு அவர் போய் நாலு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, அவன் அழுது, அடக்கம் செய்து, பழகியும்விட்டான். அவளுக்கு அவர் இன்று காலையில்தான் போயிருக்கிறார்.

"அது முடியற அன்னிக்கு முடியும். முடிஞ்சுதுன்னு உனக்குச் சொல்ல மாட்டேன்டா அஃப்தாப். நான் வேலைக்குப் போவேன், சோறாக்குவேன், உன்கூடப் பேசுனாலும் பேசுவேன். முடிஞ்சுதா இல்லியான்னு உனக்குத் தெரியாது. உனக்குத் தெரியாமயே முடியட்டும்."

வெளியே அவன் எழுந்து போன சத்தம் கேட்கவில்லை. கதவோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்த சத்தம்தான் கேட்டது.